விபச்சாரம் கனடாவில் இனிக் குற்றமில்லையா? – விவாத இழை

20 டிசெம்பர் 2013, மாலை. வாசகர் ஒருவரின் கேள்வி

வானொலியில் இப்போதுதான் கேட்டேன். உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதியரசர்களும் ஒருமித்து விபச்சாரத்தைச் சட்டபூர்வமாக்கிவிட்டார்களாம். அப்படியென்றால் எங்கள் தெரு முனையில் நாளைக்கே கடை திறக்கலாமா? இதற்காகவா பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு இந்தக் குளிருக்குள் வந்தோம்? விடயம் தெரிந்தவர்கள் எழுதுங்கள்.

20 டிசெம்பர் 2013, இரவு

வானொலி சொன்னதே பாதி. அண்ணர் கேட்டது அதில் பாதி.

காசுக்கு உடலுறவு என்பது கனடாவில் ஒருபோதும் குற்றமாக இருந்ததில்லை. அதைச் சுற்றியிருந்ததெல்லாம்தான் குற்றம். அதற்கென்று ஓர் இடத்தை வைத்திருப்பது குற்றம். இன்னொருவரின் அந்த வருமானத்தில் வாழ்வது குற்றம். தெருவில் நின்று அதைப் பற்றிப் பேரம் பேசுவது குற்றம். குற்றவியல் சட்டக்கோவையில் 210, 212, 213 என்று வரிசையாக நிற்பவை. இன்று விழுந்தவை இந்த மூன்றும்தான். அதுவும் உடனே விழவில்லை. நாடாளுமன்றத்துக்கு ஓராண்டு தவணை கொடுத்திருக்கிறார்கள். ஆகவே நாளைக்குக் கடை திறக்க முடியாது.

வழக்குப் போட்டவர்கள் டெரி ஜீன் பெட்ஃபோர்ட், ஏமி லெபோவிச், வலெரி ஸ்கொட் என்ற மூன்று பெண்கள். பெட்ஃபோர்டைத் தொலைக்காட்சியில் பார்த்திருப்பீர்கள்: கறுப்புத் தோலாடை, கையில் குதிரைச் சவுக்கு. தோர்ன்ஹில்லில் அவர் நடத்திய வீட்டுக்குள் 1994இல் பொலிஸ் புகுந்தது. அந்தக் கோபம் வளர்ந்து, 2010இல் ஒன்ராறியோ நீதியரசர் சூசன் ஹிமெலிடம் வென்று, 2012இல் மேன்முறையீட்டில் பாதி தோற்று, இன்று ஒட்டாவாவில் முழுதாக வென்றிருக்கிறது.

பிரதம நீதியரசர் பெவர்லி மக்லாக்லின் ஒரு சைக்கிள் உவமை சொல்கிறார். சைக்கிள் ஓடுவது சட்டப்படி சரி, ஆனால் தலைக்கவசம் போடுவது குற்றம் என்று ஒரு சட்டம் இருந்தால், விழுந்து மண்டை உடைந்தவனைப் பார்த்து “நீயாகத்தானே ஓடினாய்” என்று சொல்லிச் சட்டம் கை கழுவ முடியுமா? தீர்ப்பின் மையம் இதுதான். மற்றதெல்லாம் அடிக்குறிப்பு.

22 டிசெம்பர் 2013

ஸ்காபரோவில் எங்கள் பக்கம் மின்சாரம் இல்லை. மரக்கொப்புகள் பனிக்கட்டி சுமந்து கம்பிகளின் மேல் விழுந்து கிடக்கின்றன. கைபேசியில் 11 சதவீதம்தான் இருக்கிறது.

“உமக்கு ஏன் இதில் இவ்வளவு அக்கறை?” என்று ஒருவர் கேட்டிருக்கிறார். கேள்வியின் சிரிப்பு விளங்குகிறது. மின்சாரம் வந்ததும் பதில் எழுதுகிறேன்.

27 டிசெம்பர் 2013

முதலில் ஒரு திருத்தம். “ஒருபோதும் குற்றமாக இருந்ததில்லை” என்று எழுதியது தவறு. 1972 வரை, பொது இடத்தில் நிற்கும் “விலைமாது” தான் அங்கே நிற்பதற்குச் சரியான காரணம் சொல்லாவிட்டால், அலைந்து திரியும் குற்றத்தில் பிடிக்கலாம். செய்கைக்குத் தண்டனை இல்லை, அவளாக இருப்பதற்கே தண்டனை. கொழும்பில் இன்றும் 1841ஆம் ஆண்டின் அலைந்து திரிவோர் கட்டளைச் சட்டத்தைக் காட்டிப் பெண்களைப் பிடிக்கிறார்கள். எஜமான் பிரித்தானியன் ஒருவன், கிளைக் கடைகள் இரண்டு.

இனி அந்த அக்கறைக் கேள்வி. நான் வரிப் பத்திரம் நிரப்புபவன். பலகையில் கணக்காளர் என்று போட்டிருக்கிறேன், ஆனால் வேலை அதுதான். என் கடை ஒரு பிளாசாவில். ஒரு பக்கம் மரக்கறிக் கடை. மறுபக்கம் கண்ணாடி முழுக்க ஒட்டுத்தாள் ஒட்டி மறைத்த ஒரு ஹோலிஸ்டிக் சென்டர், அதாவது உடம்பு பிடித்துவிடும் இடம். அதற்கு நகரசபை உரிமம் கொடுத்து ஆண்டுதோறும் கட்டணம் வாங்குகிறது. உள்ளே என்ன நடக்கிறது என்று நகரசபைக்கும் தெரியும், எனக்கும் தெரியும், முருங்கைக்காய் தெரிந்தெடுக்கும் மாமிக்கும் தெரியும்.

என்னிடம் வந்தவர் அந்த இடத்துப் பெண் அல்ல. தனியாக வேலை செய்பவர், ஹோட்டல்களுக்குப் போய்வருபவர். ஊர், வயது எதுவும் எழுத மாட்டேன், சிலவற்றை மாற்றியும் இருக்கிறேன். நாற்பது பக்கப் பள்ளிக்கூடக் கொப்பியில் கணக்கு வைத்திருந்தார். இடப்பக்கம் நாள், நடுவில் வரவு, வலப்பக்கம் செலவு. செலவில் கைபேசி, உடுப்புக் கழுவியது, மருந்துக்கடை என்று ஒழுங்காக எழுதியிருந்தது. பல நாட்களுக்கு எதிரே எழுத்து இல்லை. ஒரு சின்னக் கார் படம், பக்கத்தில் 50. காருக்கு இரண்டு சக்கரம் மட்டும், குழந்தைகள் வரைவதுபோல.

இது என்ன என்று கேட்டேன். காரில் இருப்பவருக்குக் கொடுப்பது என்றார். கார் ஓடுவதற்கா? ஓடுவதற்கும்தான். மற்ற நேரம் என்ன செய்வார்? “கீழே இருப்பார். ஒரு மணித்தியாலத்தில் நான் இறங்கி வராவிட்டால் மேலே வருவார்.” வந்திருக்கிறாரா? இரண்டு முறை வந்திருக்கிறாராம். அதற்கு மேல் நான் கேட்கவில்லை.

அந்த ஆண்டில் 132 கார்கள். 6,600 டொலர். அதை எந்த வரியில் எழுதுவது? பயணச் செலவில் போட்டேன். வரித் திணைக்களம் பற்றுச்சீட்டு கேட்டால் கொப்பியில் உள்ள கார்ப் படத்தைத்தான் காட்ட வேண்டும்.

விழுந்த சட்டம் 212இன் சொற்களைப் பாருங்கள்: இன்னொருவரின் அந்த வருமானத்தில் முழுவதுமாகவோ பகுதியாகவோ வாழ்பவர். அடித்துப் பிடுங்கித் தின்பவனுக்கென்று எழுதியது, காரில் இருந்தவரையும் பிடிக்கும். தீர்ப்பிலேயே சாரதி, மெய்க்காவலர், வரவேற்பாளர், கணக்காளர் என்று எடுத்துச் சொல்லியிருக்கிறார்கள். கணக்காளர்! பத்திரம் நிரப்ப நான் வாங்கியது 60 டொலர். அவர் வருமானத்தில் ஒட்டாவா எடுத்தது அதைவிட எத்தனையோ மடங்கு. ஆனால் சட்டப்படி பார்த்தால் சந்தேக நபர் நான்.

9 ஜனவரி 2014

சொற்சண்டை வேண்டாம் என்றுதான் இருந்தேன். “பாலியல் தொழில் என்று எழுதி அசிங்கத்துக்குச் சவர்க்காரம் போடாதீர்” என்கிறார் ஒருவர்.

விபச்சாரம் என்ற சொல்லின் வரலாறு வேறு. தமிழ் வேதாகமத்தில் “விபசாரம் செய்யாதிருப்பாயாக” என்பது கட்டிய மனைவிக்கோ கணவனுக்கோ துரோகம் செய்வதைப் பற்றியது. கத்தோலிக்கருக்கு ஆறாம் கட்டளை, மற்றவர்களில் பெரும்பாலானோருக்கு ஏழாம் கட்டளை. அங்கே காசுப் பேச்சே இல்லை. நாம் இரண்டையும் ஒரே சொல்லுக்குள் போட்டுக் கட்டிவிட்டோம். அதனால்தான் வான்கூவரில் ஒருத்தி காணாமற்போனாள் என்ற செய்தியைக் கேட்டாலும் நம்மவர்கள் முதலில் யாருடைய குடும்பம் கெட்டது என்று பார்க்கிறார்கள்.

பத்திரத்தில் தொழில் என்ற கட்டத்தில் அந்தப் பெண் எழுதியது “சுயதொழில்”. இரண்டு சொல்லும் அவருக்குத் தேவைப்படவில்லை.

10 ஜனவரி 2014

வான்கூவர் என்று எழுதியதும் விளக்கம் கேட்டு மூன்று பேர். ரொபேர்ட் பிக்டன். பன்றிப் பண்ணைக்காரன். 2002இல் பிடிபட்டான், 2007இல் ஆறு பெண்களைக் கொன்றதாகத் தீர்ப்பு, இன்னும் இருபது பேரைப் பற்றிய குற்றச்சாட்டுகள் விசாரணைக்கே வரவில்லை. பலர் டவுன்டவுன் ஈஸ்ட்சைட் தெருக்களில் நின்ற பெண்கள், அவர்களில் பூர்வகுடிப் பெண்கள் அதிகம். பெண்கள் காணாமற்போகிறார்கள் என்று உறவினர் ஆண்டுக்கணக்காகச் சொல்லிக்கொண்டிருந்தார்கள். பொலிஸ் எவ்வளவு அலட்சியமாக இருந்தது என்று வாலி ஒப்பல் ஆணைக்குழு 2012இல் எழுதி வைத்தது.

அந்தக் காலத்தில் அதே பகுதியில் “பாட்டி வீடு” என்ற பொருள்படும் பெயரில் ஒரு பாதுகாப்பு வீடு இருந்தது. தெருவுக்குப் பதிலாக அங்கே வேலை செய்யலாம். அதை நடத்தியவர்மேல் பாய்ந்தது எது தெரியுமா? 210, அந்த “இடம் வைத்திருக்கும்” சட்டம். காரில் ஏறுமுன் ஆளை எடைபோடப் பெண்ணுக்கு இரண்டு நிமிடம் வேண்டும். அந்த இரண்டு நிமிடப் பேச்சைக் குற்றமாக்கியது 213. பிக்டனின் காரில் ஒருத்தியாவது ஏறாமல் தப்பியிருந்தால் போதும், சட்டத்தின் கேடு நிரூபணமாகிவிடும் என்கிறது தீர்ப்பு. சைக்கிள் உவமையைத் தவிர மற்றதெல்லாம் அடிக்குறிப்பு என்று நான் எழுதியதையும் திருத்திக்கொள்கிறேன்.

16 மார்ச் 2014

வரிக்காலம், மூச்சுவிட நேரமில்லை. ஆனால் நாளையோடு முடிகிறது: நீதித் திணைக்களம் இணையத்தில் மக்களின் கருத்தைக் கேட்கிறது. வாங்குவது குற்றமா, விற்பது குற்றமா, விதிவிலக்கு என்ன என்று கேள்விகள். இங்கே தொண்டை கிழியக் கத்துபவர்கள் அங்கே ஒரு முறை எழுதுங்கள்.

மூன்று பாதைகள் பேச்சில் அடிபடுகின்றன. எல்லாவற்றையும் தடை செய்வது முதலாவது. சுவீடன் 1999இல் செய்தது இரண்டாவது: வாங்குபவன் குற்றவாளி, விற்பவள் இல்லை. நோர்வேயும் ஐஸ்லாந்தும் 2009இல் அதைப் பின்பற்றின. கன்சர்வேட்டிவ் கட்சியில் வின்னிபெக் உறுப்பினர் ஜோய் ஸ்மித் இதைத்தான் ஊர் ஊராகச் சொல்லி வருகிறார்.

மூன்றாவது நியூசிலாந்து. 2003இல் தொழிலையே குற்றவியலிலிருந்து எடுத்துவிட்டார்கள். நான்கு பெண்கள் சேர்ந்து ஒரு வீட்டில் வேலை செய்ய உரிமப் பத்திரம்கூட வேண்டாம். வாக்கு 60க்கு 59. ஓர் உறுப்பினர் வாக்களிக்காமல் இருந்தார். அவர் எதிர்த்திருந்தால் சரிசமம், சட்டமூலம் தோற்றிருக்கும். அவர் அந்த நாட்டின் முதல் முஸ்லிம் நாடாளுமன்ற உறுப்பினர் என்பதையும் சொல்லி வைக்கிறேன், நம் மதவாதிகள் யோசிக்கட்டும்.

நான் எழுதியது சுவீடன் வழிக்கு ஆதரவாக. ஆம், கொப்பிக் கதை எழுதிய நான்தான். வாங்குபவனைப் பிடித்தால் விற்பவளுக்குத் தீங்கு இல்லை என்றுதான் படுகிறது.

அவரும் இந்த வாரம் வந்துபோனார். போன ஆண்டுக்கு 140 கார்கள். 7,000 டொலர். இந்த முறை சக்கரம் நான்கு.

5 ஜூன் 2014

வந்துவிட்டது. நீதியமைச்சர் பீட்டர் மக்கே நேற்று சி-36 சட்டமூலத்தை வைத்தார். சுவீடன் வழிதான், கொஞ்சம் காரம் கூட. வயதுவந்தவரிடம் வாங்குவது இந்த நாட்டில் முதல்முறையாகக் குற்றமாகிறது: குறைந்தது 500 டொலர் அபராதம், அதிகபட்சம் ஐந்தாண்டுச் சிறை. விளம்பரம் குற்றம். அந்த வருமானத்தில் “பொருள் நன்மை” பெறுவது குற்றம். தொழிலை விட்டு வெளியேற உதவ 20 மில்லியன் டொலர். தன் உடலைத் தான் விற்பவருக்கு மட்டும் விலக்கு.

மார்ச் மாதக் கருத்துக் கேட்பில் 31,172 பதில்கள் வந்தனவாம். வாங்குவது குற்றமாக வேண்டும் என்றவர்கள் 56 சதவீதம், விற்பது குற்றமாகக்கூடாது என்றவர்கள் 66 சதவீதம். நானும் இரண்டிலும் ஒருவன். நம் ஸ்காபரோவிலிருந்து போன முதல் தமிழ் உறுப்பினர் ராதிகா சிற்சபைஈசனின் என்டிபியும் (புதிய ஜனநாயகக் கட்சி) லிபரல்களும் எதிர்க்கின்றன. பிரதமர் ஹார்ப்பருக்குப் பெரும்பான்மை இருப்பதால் எதிர்த்தும் நடக்கப்போவது ஒன்றுமில்லை.

இன்று அந்தப் பெண் வரி மதிப்பீட்டுக் கடிதத்தைத் தூக்கிக்கொண்டு வந்தார். அதைப் பார்த்துக் கொடுத்துவிட்டு, புதுச் சட்டம் வருகிறது, காரில் இருப்பவருக்குக் காசு கொடுத்தால் அவர் “பொருள் நன்மை” பெற்றவர் ஆகிவிடுவார், சிறைக்குப் போவார், நிறுத்திவிடுங்கள் என்று சொன்னேன். சட்டம் அப்படியா சொல்கிறது என்று கேட்டார். அப்படித்தான் சொல்கிறது என்றேன். நன்றி சொல்லிவிட்டுப் போனார். கட்டணம் வாங்கவில்லை.

12 ஜூலை 2014

பிழை விட்டுவிட்டேன்.

இந்த வாரம் பொதுச்சபையின் நீதிக்குழு கோடை விடுமுறைக்குள்ளும் கூடி நான்கு நாள் சாட்சியம் கேட்டது. தொழிலிலிருந்து தப்பி வந்தவர்கள் ஒரு பக்கம், இப்போதும் செய்பவர்கள் மறுபக்கம், பொலிஸ், பேராசிரியர்கள், பெற்றோர். ஒவ்வொருவர் சொல்வதும் தனியே கேட்கும்போது உண்மை. பதினாறு வயதில் விற்கப்பட்டவளின் கதையைக் கேட்டபின் நியூசிலாந்து என்று வாய் திறக்க எனக்கு வெட்கமாக இருந்தது. அடுத்தவர் வந்து, வாடிக்கையாளன் பயந்து ஒளிந்தால் அவனை எடைபோட எனக்கு நேரமே இருக்காது என்று சொன்னபோது, மார்ச்சில் நான் எழுதிய “தீங்கு இல்லை” என்ற சொல் குத்தியது.

அதைக் கேட்டபிறகுதான் சட்டமூலத்தை முழுதாக அச்செடுத்து வாசித்தேன். ஜூனில் வாசித்தது பத்திரிகைச் சுருக்கம்.

பொருள் நன்மைப் பிரிவுக்கு அடியிலேயே விலக்குகள் இருக்கின்றன. ஒரே வீட்டில் முறையாக வாழ்பவர்கள். சட்டக் கடமையாலோ மனக் கடமையாலோ அவர் ஆதரிக்கும் ஆட்கள். எல்லாருக்கும் விற்கும் பொருளையோ சேவையையோ அதே விலைக்கு விற்பவர்: அதில் நான் தப்பினேன். நாலாவதாக, எல்லாருக்கும் விற்காத சேவையைச் செய்பவர், தூண்டிவிடாமல், செய்த வேலைக்கு ஏற்ற கூலியை மட்டும் வாங்கினால் அவருக்கும் விலக்கு. காரில் இருந்து ஐம்பது டொலர் வாங்குபவருக்கு அளவெடுத்துத் தைத்த சட்டை. வன்முறை, போதைப்பொருள், பாலியல் சேவை விற்கும் ஒரு வணிக நிறுவனம் போன்றவை வந்தால்தான் விலக்கு போகும்.

பழைய சட்டத்தில் அந்த மனிதர் ஒவ்வொரு இரவும் குற்றவாளி. யாரும் அதை அவருக்குச் சொல்லவில்லை, அவர் பாட்டுக்கு இருந்தார். புதுச் சட்டம் அவரை விட்டுவிடுகிறது. நான் சொல்லிக் கலைத்துவிட்டேன்.

கடையைப் பூட்டிவிட்டுத் தொலைபேசி எடுத்தேன். பரவாயில்லை, அவர் இப்போது பொதி விநியோகத்துக்குப் போகிறார், இரவில் நித்திரை கொள்கிறார் என்று சொன்னார். வேறு ஆள்? தேடுகிறேன் என்றார்.

இந்த இழையைத் தொடங்கிய அண்ணரை வானொலி கேட்டவர் என்று முதல் இரவு நக்கலடித்தேன். இப்போது அந்த உரிமை எனக்கில்லை.

16 ஜூலை 2014

மேலே சொன்ன குழுவிலிருந்து இன்னொரு செய்தி. தெருவில் பேரம் பேசுவது பற்றிய பிரிவைக் குழு சுருக்கியிருக்கிறது. முதலில் பதினெட்டு வயதுக்குக் கீழானவர்கள் இருக்கக்கூடிய இடமெல்லாம் என்றிருந்தது. அப்படிப் பார்த்தால் நிலாவில்தான் நிற்க வேண்டும். இப்போது பள்ளிக்கூட வளவு, விளையாட்டுத் திடல், குழந்தைப் பராமரிப்பு நிலையம் ஆகியவற்றின் அருகில் மட்டும்.

13 செப்டெம்பர் 2014

செனட் குழு. பெட்ஃபோர்ட் சவுக்கோடு போனார், நேரம் முடிந்தபின்னும் நிறுத்தவில்லை, காவலர்கள் வெளியே கூட்டிச் சென்றார்கள். பத்திரிகைகளுக்கு அந்தப் படம் போதும்.

எனக்கு முக்கியமாகப் பட்டது வேறு. மனிடோபா செனட்டர் டொனால்ட் பிளெட், இந்தப் பெண்களின் வாழ்வைப் பாதுகாப்பாக்குவது நம் நோக்கமல்ல, தொழிலையே ஒழிப்பதுதான் நோக்கம் என்ற பொருள்படச் சொன்னார். பலர் திட்டுகிறார்கள். நான் திட்டவில்லை. தீர்ப்பு கேட்ட கேள்வி பாதுகாப்பு. சட்டம் எழுதுபவர்கள் பதில் சொல்வது வேறு கேள்விக்கு. அதை வெளிப்படையாக ஒப்புக்கொண்டவர் அவர் ஒருவர்தான்.

8 டிசெம்பர் 2014

சனிக்கிழமை சட்டம் நடைமுறைக்கு வந்தது. டிசெம்பர் 6: 1989இல் மொன்றியல் பொறியியல் கல்லூரியில் பதினான்கு பெண்கள் சுட்டுக் கொல்லப்பட்ட நாள், சரியாக இருபத்தைந்து ஆண்டு. அந்த நாளில் இதைத் தொடங்கியது மரியாதையா, அவமதிப்பா என்று இங்கே இரண்டு பக்கம் எழுதிவிட்டீர்கள். நான் சேரவில்லை.

ஒன்ராறியோ முதல்வர் கத்லீன் வின் இது பெண்களைக் காப்பாற்றுமா என்று தனக்குக் கவலை இருக்கிறது என்றும், சட்டமா அதிபரிடம் பார்க்கச் சொல்லியிருப்பதாகவும் அறிவித்தார்.

26 ஏப்ரல் 2015

வரிக்காலத்தின் கடைசி ஞாயிறு, இரவு ஒன்றரை மணி. மாகாணம் பார்த்துவிட்டு, சட்டம் அரசியலமைப்புக்கு மாறானது என்று சொல்ல இடமில்லை என்றுவிட்டது. அதை எழுத வரவில்லை.

அவர் வந்தார். புதுக் கொப்பி. ஜனவரி முதல் ஜூன் முதல் வாரம் வரை கார்கள். பிறகு இல்லை. நான் பக்கத்தைப் புரட்டிப் புரட்டிப் பார்ப்பதைக் கண்டு, தேடாதீர்கள், இல்லை என்றார். வரவும் குறைந்திருந்தது. வாங்குபவர்கள் பெயர் சொல்லப் பயப்படுகிறார்களாம், மறைத்த இலக்கத்திலிருந்துதான் அழைக்கிறார்களாம். முன்பு ஹோட்டல் அறை யார் பெயரில் என்று கேட்டுச் சரிபார்த்துவிட்டுத்தான் போவேன், இப்போது கேட்டால் அழைப்பைத் துண்டித்துவிடுகிறார்கள் என்றார்.

நவம்பரில் மூன்று வாரம் வெறுமையாக இருந்தது. எந்த வரவும் இல்லை, செலவில் மருந்துக்கடை மட்டும் நான்கு முறை. அந்தக் காரணத்தை நான் கேட்கவில்லை. மருத்துவச் செலவுக் கழிவுக்கு மருந்துச் சீட்டு வேண்டும் என்று மட்டும் சொன்னேன். கணக்காளனுக்கு வேறு என்ன தெரியும்?

27 ஏப்ரல் 2015

“புதுச் சட்டம் டிசெம்பரில்தானே வந்தது, நவம்பருக்கு அதைக் குற்றம் சொல்கிறீரே” என்கிறார் ஒருவர். சரியான கேள்வி. நவம்பரில் சட்டம் இல்லை. நான்தான் இருந்தேன், ஜூனிலிருந்து.

19 ஓகஸ்ட் 2019

நாலு வருடம் தூங்கிய இழையை எழுப்புகிறேன். யாழ்ப்பாணத்திலிருந்து படிக்க வந்த தம்பி ஒருவர் வேலை அனுமதிப் பத்திரத்தோடு வந்தார். அதில் ஒரு நிபந்தனை: நிர்வாண நடன விடுதி, மசாஜ் நிலையம், துணைச் சேவை (எஸ்கோர்ட்) போன்ற பாலியல் வணிகத் தொடர்புள்ள இடங்களில் வேலை செய்ய இந்தப் பத்திரம் செல்லாது. தம்பி நடுங்கிப்போயிருந்தார். “அண்ணை, நான் என்ன செய்தேன் என்று என்னுடையதில் இப்படி எழுதியிருக்கிறார்கள்?” ஒருவரும் ஒன்றும் செய்யவில்லை, எல்லாருக்கும் அச்சடிப்பது என்று சொன்ன பிறகுதான் தேநீர் குடித்தார்.

பகிடி போகட்டும். அந்த ஒரு வரியால், தற்காலிக அனுமதியில் இருக்கும் பெண் அடி வாங்கினாலும் பொலிஸுக்குப் போக மாட்டாள். விற்பவளுக்கு விலக்கு என்று சட்டக்கோவை சொல்லும், நாடு கடத்தலாம் என்று குடிவரவு விதி சொல்லும். நான் புகழ்ந்த நியூசிலாந்திலும் தற்காலிக விசாக்காரருக்கு இதே தடை. அதை 2014இல் சொல்லாமல் விட்டேன். அப்போது அந்தப் பிரிவை நான் வாசித்திருக்கவில்லை.

20 செப்டெம்பர் 2023

பாலியல் தொழிலாளர் அமைப்புகளின் கூட்டணி புதுச் சட்டத்தை எதிர்த்துப் போட்ட வழக்கில் ஒன்ராறியோ நீதியரசர் ரொபேர்ட் கோல்ட்ஸ்டைன் திங்கட்கிழமை தள்ளுபடி செய்தார். போன ஆண்டு பொதுச்சபை நீதிக்குழு இந்தச் சட்டத்தால் தீங்கு நடக்கிறது என்று அறிக்கை எழுதியது. 2014இல் எதிர்த்து வாக்களித்த லிபரல்கள் எட்டாண்டாக ஆட்சியில் இருக்கிறார்கள். சட்டம் இருந்த இடத்திலேயே இருக்கிறது.

25 ஜூலை 2025

இழையைத் தொடங்கிய அண்ணர் பேரப்பிள்ளை கண்டபின் திரும்பி வந்து கேட்கிறார்: இப்போதாவது குற்றமா, இல்லையா?

நேற்று உச்ச நீதிமன்றம் குளூபகோவ் வழக்கில் தீர்ப்புச் சொன்னது. மறுபடி ஒருமித்த தீர்ப்பு, இந்த முறை சட்டத்தின் பக்கம். பொருள் நன்மைப் பிரிவும் ஆள் சேர்ப்புப் பிரிவும் நிற்கும். கல்கரி விசாரணை நீதிபதி அவை செல்லாது என்றார், அல்பேர்ட்டா மேன்முறையீட்டு நீதிமன்றம் செல்லும் என்றது, ஒட்டாவா அதையே உறுதிசெய்தது.

குற்றவாளிகள் இருவரும் ஒரு துணைச் சேவை நிறுவனத்தின் சாரதிகள். வாசித்ததும் நெஞ்சு ஒரு முறை நின்று ஓடியது. ஆனால் கவனமாக வாசியுங்கள், நானும் இந்த முறை அச்செடுத்து முழுதாக வாசித்தேன். அவர்கள் ஒரு வணிக நிறுவனத்துக்காக ஓடியவர்கள், பணமும் அவர்கள் கை வழியாகப் போனது. தனியாக வேலை செய்பவர் தானே அமர்த்தி, செய்த வேலைக்கு ஏற்ற கூலி கொடுக்கும் சாரதிக்கு அந்த விலக்கு இன்றும் இருக்கிறது. பெண்கள் சிலர் சேர்ந்து, அவரவர் வருமானத்தை அவரவர் வைத்துக்கொண்டு வேலை செய்வதையும் சட்டம் தொடவில்லை.

ஆகவே அண்ணருக்கு: வாங்குபவர் ஒவ்வொரு முறையும் குற்றவாளி. விற்பவரை விற்றதற்காகத் தண்டிக்க முடியாது, பள்ளிக்கூட வளவு, விளையாட்டுத் திடல் போன்றவற்றின் அருகில் பேரம் பேசினால் தவிர. நடுவில் நிற்பவர் யாரிடம், எவ்வளவு, எதற்கு வாங்கினார் என்பதைப் பொறுத்தது. “ஆம், இல்லை” என்று இதைச் சொல்பவர் எவராக இருந்தாலும் நம்பாதீர்கள், நான் உட்பட.

அந்தப் பெண் என்ன ஆனார் என்று கேட்ட தங்கைக்கு: 2016இல் வரவில்லை. தொலைபேசி இலக்கம் வேலை செய்யவில்லை. மேற்கே போகப்போவதாக முன்பு ஒரு முறை சொல்லியிருந்தார். அவருடைய கோப்பை 2021இல் மற்றவர்களுடையதோடு சேர்த்து இயந்திரத்தில் போட்டு நறுக்கினேன். ஆறாண்டு வைத்திருந்தால் போதும் என்பது வரித் திணைக்கள விதி. கொப்பிகள் அதில் இல்லை. வேலை முடிந்ததும் மேசையில் இருந்து எடுத்துக் கைப்பையில் வைத்துக்கொண்டுதான் எழும்புவார்.